உறுமிப்புறாக்கள் வீட்டுக்குள் வந்த ஆண்டு

மூணுகல் தீவின் காட்டைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் ஓர் இறகுகூட உதிர்த்தறியாத உறுமிப்புறாக்கள், ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த ஒரு காலையில், பறக்காமல், ஈர மண்ணில் கால் பதித்து வரிசையாக நடந்து வந்து, வீட்டுக்கு ஒன்றாக ஊருக்குள் நுழைந்தன. சில வாசற்படி ஏறின, சில கொல்லைப்புறமாக வந்தன, கதவு சாத்தியிருந்த வீடுகளின் முன்னால் நின்றவை சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல அடக்கமாகக் காத்திருந்து, கதவு திறந்ததும் உள்ளே போய், உத்தரத்திலோ அரிசிப்பானை மூடியிலோ ரேடியோப் பெட்டியின் மேலோ ஏறி உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகு அவை காட்டுக்குத் திரும்பவில்லை, இரை தேடவில்லை, தொண்டையைத் திறக்கவுமில்லை. அந்தந்த வீட்டு ஆட்களை மட்டும், சோறு வடிக்கும்போதும் சண்டை போடும்போதும் தலை சீவும்போதும், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தன.

அந்தத் தீவில் இருந்தவர்கள் சிலோனின் தேயிலை மலைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தாய்நாட்டில் இறங்கிய துறைமுகத்திலேயே வேறொரு கப்பலில் ஏற்றி, ரப்பர் நடுவதற்கென்று இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ரப்பர் நோய் கண்டு பட்டுப்போய்விட்டது, மனிதர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மலையில் இருந்ததைப்போலவே நீண்ட வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள், மலையில் சொன்னதைப்போலவே அவற்றை லயம் என்றார்கள். காட்டிலிருந்து கேட்ட அந்தப் பறவையின் குரல், உறுமி மேளத்தின் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுத்தால் வருகிற சத்தத்தைப்போலவே இருந்ததால், அதற்கு உறுமிப்புறா என்று பேர் வைத்தவர்களும் அவர்கள்தான். காக்கையைவிடச் சற்றுப் பெரியது. நனைந்த கரியின் நிறம், கழுத்தில் மட்டும் செம்பைத் தேய்த்ததுபோல ஒரு மினுக்கம்.

வீட்டுக்குள் வந்த பறவையை முதல் நாள் எல்லோரும் விரட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள், குழந்தைகள் அதற்குப் பேர் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள், எங்கள் வீட்டுப் பறவைதான் சாது, உங்கள் வீட்டுப் பறவை திமிர் பிடித்தது என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அது அம்மன் அனுப்பியது என்றார். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வேறு மாதிரி சொன்னார். இரண்டு பேர் வீட்டிலும் இரண்டு பறவைகள் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாய்கள் மட்டும் வீட்டுக்குள் வர மறுத்து வெளியிலேயே படுத்தன. காடு சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதி பழக எல்லோருக்கும் கொஞ்ச நாள் ஆயிற்று, பிறகு அதுவும் பழகிப்போனது.

கப்பல் துறைக்குப் போகும் வழியில் ஆப்பக்கடை வைத்திருந்த பவளக்கொடியின் வீட்டுக்கு வந்த பறவை, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் உட்கார்ந்தது. அவள் தனியாக இருந்தாள். ஒரே மகள் தவமணி கீழ் லயத்தில் ரெங்கசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, அப்போது உண்டாகியிருந்தாள். புருஷன் சுப்பையா இறந்தது கப்பலில். வயிற்று வலி என்று துடித்தவனைப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கப்பல் வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஏற்றி, பாதிக் கடலில் பறிகொடுத்தாள். அதனால் மூணுகல்லில் துறைமுகம் வரப்போகிறது, துறைமுகத்தோடு ஆஸ்பத்திரியும் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, அந்த ஊரில் அதை அவளைவிட ஆசையாகக் கேட்டவர்கள் யாருமில்லை.

துறைமுகத்துக்குக் குறுக்கே நின்றது அந்தப் பறவைதான். மேற்குக் காட்டை வெட்டினால்தான் துறைமுகம். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்று அரசாங்கம் எழுதிவைத்திருக்கும்வரை அந்தக் காட்டில் கோடரி படக்கூடாது. அந்த ஆண்டு மறுபடியும் கணக்கெடுக்க ஆள் வருவதாக இருந்தது. காட்டில் பறவை இல்லையென்று தெரிந்தால் அற்றுப்போனது என்று எழுதிவிடுவார்கள், காடு துறைமுகம் கட்டவிருந்த கம்பெனிக்குப் போய்விடும்.

ஊர்த் தலைவர் மாசிலாமணி கோயில் முன்னால் கூட்டம் போட்டார்.

"நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லல," என்றார். "காட்டுல இருக்கான்னு கேப்பாங்க. காட்டுல இல்ல. அதைத்தான் சொல்லப்போறோம்."

"வீட்டுல இருக்கான்னு கேட்டா?" என்றான் ரேஷன் கடை வீராசாமி.

"காட்டுப் பறவைய எவனாவது வீட்டுல தேடுவானா?"

அப்போது பவளக்கொடி எழுந்து நின்று, "கூடையில மூடி வச்சிருவோம்," என்றாள். "எம் புருசன் நடுக்கடல்ல செத்தது போதும். எம் மகளும் அப்படிப் போகணுமா?" அவள் சொன்னதும் ஆளாளுக்குக் கூடை, பெட்டி, தகர டிரம் என்று தேடப் போனார்கள்.

பறவைகளைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் பயந்துதான் போனார்கள். கூடையைத் தரையில் வைத்ததும் அவை தாமாகவே இறங்கி வந்து, கூடைக்குள் கால் வைத்து, இறகை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டு, மூடுவதற்காகக் காத்திருந்தன.

கணக்கெடுக்க வந்தவள் டாக்டர் இந்திராணி. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பறவைகளைப் படித்த டாக்டர். தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து இந்தத் தீவுக்கு வந்துபோகிறவள். பள்ளிக்கூடத்தில் தங்கி, பவளக்கொடியின் வீட்டில் சாப்பிட்டு, உதவியாளர்கள் இருவரோடு விடிந்ததும் காட்டுக்குள் போய், உடம்பெல்லாம் அட்டைக் கடியோடு திரும்பினாள். போன முகம் ஒன்றாகவும் திரும்பிய முகம் வேறாகவும் இருந்தது. ஒரு மத்தியானம் மழையில் நனைந்து வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தமே இல்ல பவளம்மா. முதல்ல வந்தப்போ இந்தக் காட்டுக்குள்ள நின்னா நம்ம நெஞ்சுக்குள்ளயே உறுமி அடிக்கிற மாதிரி இருக்கும். இப்போ என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேக்குது."

பவளக்கொடி தட்டில் சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். "வேற தீவுக்குப் போயிருக்குமோ டாக்டரம்மா?"

"கடல் தாண்டாது. வெள்ளைக்காரன் காலத்துல கூண்டுல வச்சுக் கப்பல்ல கொண்டுபோய்ப் பாத்திருக்காங்க. தீவு கண்ணுல இருந்து மறையுற நேரத்துக்குச் செத்துப்போச்சாம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானாம். இந்தத் தீவு தெரியுற தூரம் வரைக்கும்தான் அதுக்கு உலகம்."

"நீங்க இல்லன்னு எழுதின பின்னால ஒருநாள் வந்து நின்னுச்சுன்னா?"

"எழுதிட்டா எழுதினதுதான். யாரோ பாத்தேன்னு சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. நானே சொன்னாலும் எடுத்துக்க மாட்டாங்க. உடம்பைக் கொண்டுவந்து மேசை மேல வைக்கணும்."

சொல்லிக்கொண்டே பரணை நிமிர்ந்து பார்த்தவள், பழைய சாக்கைப் போட்டு மூடிய கூடையில் கண்ணை நிறுத்தினாள். "அதுல என்ன?"

"அடைக்கோழி," என்றாள் பவளக்கொடி. "தொறந்தா முட்டை கூமுட்டையாயிரும்."

இந்திராணி தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். பாதிச் சோற்றில் அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி உதட்டோரம் வந்தது; அதைத் துடைக்காமலே அவள் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்த பவளக்கொடிக்குச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிர்ச் சுவரில் சுப்பையாவின் படம் மாட்டியிருந்தது. அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

தை பிறந்ததும் ரேடியோவில் சொன்னார்கள். மூணுகல் தீவின் உறுமிப்புறா அற்றுப்போன பறவையாக அறிவிக்கப்படுகிறது என்று செய்தி வாசித்த பெண் சொல்லிவிட்டு, உடனே வானிலைக்குப் போனாள். ஊரில் ஆடு வெட்டினார்கள். கூடைகளைத் திறந்துவிட்டார்கள். பறவைகள் வெளியே வந்து பழைய இடங்களிலேயே ஏறி உட்கார்ந்தன. ஆனால் இப்போது அவை வீட்டு ஆட்களைப் பார்க்கவில்லை. எல்லா வீட்டுப் பறவைகளும், எந்தச் சுவர் குறுக்கே இருந்தாலும், மேற்குப் பக்கமாகவே முகம் திருப்பியிருந்தன.

கம்பெனிக் கப்பல் யந்திரங்களோடு வந்தது. வேலை துறைமுகத்திலிருந்து தொடங்கும், ஆஸ்பத்திரி கடைசியில் வரும் என்று மேனேஜர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இடம் மட்டும் காட்டி நான்கு மூலையில் கல் நட்டார்கள். மேற்கில் முதல் பெருமரம் சாய்ந்தபோது லயங்களில் பாத்திரங்கள் நடுங்கின.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பவளக்கொடியின் கடைக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றாள். நல்ல உடற்கட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"ரெண்டு ஆப்பம் குடு பவளக்கா."

"எந்த ஊரும்மா நீ? கம்பெனி வேலைக்கு வந்தியா?"

அந்தப் பெண்ணின் முகம் கலங்கிவிட்டது. "நீயுமா?" என்றாள். "நான் மேரி, அக்கா. ஆரோக்கியமேரி. இந்தத் தீவுல பொறந்த புள்ளைக முக்காவாசியும் நான் எடுத்ததுக. ஒம் மகளையும் நாந்தான் எடுத்தேன்."

பவளக்கொடி அவளை நன்றாகப் பார்த்தாள். எந்த நினைவும் எழவில்லை. பெரிய ஊரிலிருந்து வந்த ஏமாற்றுக்காரியோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"சுப்பையாண்ணன் கப்பல்ல சாகறப்போ தலைய மடியில வச்சிருந்தது யாரு?" என்றாள் அந்தப் பெண். "நீ காலப் புடிச்சுக்கிட்டு இருந்த. தலைய யாரு வச்சிருந்தா, யோசிச்சுப் பாரு."

பவளக்கொடி யோசித்தாள். கப்பலின் தகரத் தரை நினைவிருந்தது, சுப்பையாவின் குளிர்ந்த பாதங்கள் நினைவிருந்தன, அவன் தலை ஒரு மடியில் இருந்ததும் நினைவிருந்தது. அந்த மடிக்கு மேலே முகம் இல்லை. ஆப்பம் சட்டியில் கருகுவதை மறந்து அவள் நின்றாள்.

"எங்க வீட்டுப் பறவை செத்துப்போச்சுக்கா. அந்தப் பெரிய மரம் விழுந்த அன்னைக்கு, உத்தரத்துல இருந்து பழம் மாதிரி விழுந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு வெளிய வந்தா யாருக்கும் என்னைத் தெரியல. எம் வீட்டுக்காரரையும் தெரியல. மேல் லயத்துல எங்க வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் யாரும் அந்தப் பக்கம் திரும்பறதில்ல. இப்போ கம்பெனியிலதான் கூலிக்குப் போறோம். ரெண்டு பேரும் மரம் வெட்டுறோம்."

அவள் போன பிறகு பவளக்கொடி மேல் லயத்துக்கு நடந்து போனாள். வரிசையில் போய்க்கொண்டே இருந்தபோது, ஓர் இடத்தில் தன் கால்கள் தாமாகவே ஒதுங்கி நடப்பதைக் கவனித்து நின்றாள். அங்கே ஒரு வீடு இருந்தது. கொடியில் துணி காய்ந்தது. கண்ணை அந்த வாசலில் வைத்திருக்க, வெயிலைப் பார்ப்பதைப்போல அவள் பாடுபட வேண்டியிருந்தது. இன்னும் சற்றுத் தள்ளி அதேபோல இன்னொரு வாசல். அதற்கப்பால் இன்னொன்று.

மாசிலாமணியிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு தன் வீட்டுப் பறவையைத் திரும்பிப் பார்த்தார். அது மெலிந்து நெஞ்செலும்பு தெரிய இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, பறவையைக் கையில் ஏந்தி, கம்பெனி மேனேஜரிடம் போய் நின்றார். கூடவே பவளக்கொடியும் போனாள்.

"சார், பறவை சாகலைங்க. இருக்கு. பாருங்க. காடு வெட்டுறத கொஞ்சம் நிப்பாட்டணும்."

மேனேஜர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. பறவையின் தலையை ஒரு விரலால் தடவிக்கூடக் கொடுத்தார். "இது புறாங்க," என்றார். "வீட்டுப் புறா. வீட்டுலதானே வளக்கிறீங்க? நீங்க சொல்ற பறவை காட்டுப் பறவை. அது இல்லன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு. நீங்களும்தானே அப்படிச் சொன்னீங்க?"

அன்றிலிருந்து ஊர் தன் பறவைகளைக் காப்பாற்றுவதில் இறங்கியது. பஞ்சு வைத்துப் படுக்கை செய்தார்கள், தேனைக் குழைத்து அலகில் தடவினார்கள், பூசாரி மந்திரித்த கயிற்றைக் காலில் கட்டினார், உபதேசியார் எண்ணெய் தடவினார். காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கி வரப் போனவர்கள், பறவை தின்னும் மரம் எது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். கம்பெனி வேலையை மட்டும் யாரும் விடவில்லை. பகலில் மரம் வெட்டப் போனார்கள், சாயங்காலம் வந்து பறவைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஊர்க்கூட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், குறைந்தது யார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கம்பெனிக் கொட்டகையில் மட்டும், எங்கிருந்தோ வந்த கூலி ஆட்கள் நாளுக்கு நாள் பெருகுவதாகப் பேசிக்கொண்டார்கள்.

தவமணி வீட்டுப் பறவையின் ஒரு கண் மூடியே இருந்தது. அதைப் பார்த்த அன்று, மேசை மேல் உடம்பு வேண்டும் என்று இந்திராணி சொன்னதை நினைத்து, பவளக்கொடி முடிவெடுத்தாள்.

மகள் ஒரு துணி மூட்டையோடு வந்தபோது அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனாலும் தவமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி வருவதைப் பார்த்ததும் அவள் கை தானாக முன்னே போனது. அதை இழுத்துக்கொண்டாள்.

"எங்க வந்த?"

"எங்க வந்தேனா? பிரசவத்துக்கு எல்லாரும் எங்க போவாங்க? அவருதான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்னாரு, நானே வந்துட்டேன்."

"இங்க வேணாம். ஒம் மாமியா இருக்காள்ல, அங்கயே இரு."

"ஏம்மா?"

"எனக்கு முடியல. கடையப் பாக்கணும்."

தவமணி சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அம்மா வாசலை மறித்து நிற்பதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் தண்ணியாவது குடு, உள்ள வந்து உக்காந்து குடிச்சிட்டுப் போயிடுறேன்."

"அங்கயே நில்லு. கொண்டாரேன்."

செம்பை வாங்கிய தவமணி குடிக்கவில்லை. படியில் வைத்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பவளக்கொடி அந்தச் சொல்லைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். மகள் தன்னைத் தெரிந்து பேசிய கடைசிச் சொல் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். பறவை வந்த பிறகு இந்தக் கூரையின் கீழே ஒருநாள்கூடத் தங்காதவளை இந்த வீட்டுப் பறவையின் சாவு தொடாது என்ற கணக்கு மட்டும் தப்பாமல் இருக்கவேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாள்.

கப்பல் வந்ததும் பறவையைப் பனங்கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, ஏறினாள். பறவை இந்தத் தடவையும் தானாகவே கூடையில் இறங்கியது. ரேஷன் சரக்கு எடுக்கப் பெரிய தீவுக்குப் போன வீராசாமி மேல்தட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அரிசி வராத கதையும் தன் மூத்த மகன் அடங்காத கதையும் பேசிக்கொண்டு வந்தான். தீவு சின்னதாகி, பச்சையிலிருந்து நீலமாகி, ஒரு கோடாகி, அந்தக் கோட்டின் மேல் கடல் ஏறத் தொடங்கியபோது, கூடைக்குள்ளிருந்து, ஐப்பசியிலிருந்து யாரும் கேட்டிராத அந்தக் குரல், தோல் கிழியும்படி இழுத்த உறுமியைப்போல ஒரே ஒரு தடவை எழுந்து நின்றது. கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

பவளக்கொடி துணிக்குள் கைவிட்டு நெஞ்சில் விரல் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. துடிப்பு இல்லை.

வீராசாமி வானத்திலிருந்து முகத்தை இறக்கி, அவள் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சற்று நகர்ந்து உட்கார்ந்தான். "அம்மா எந்த ஊரு?" என்றான். "மூணுகல்லுக்கு யாரையாவது பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க," என்றாள் பவளக்கொடி. "மகளப் பாக்க."

டாக்டர் இந்திராணியின் ஆபீஸ் பெரிய தீவில் கடலைப் பார்த்த ஒரு மாடியில் இருந்தது. கூடையோடு வந்த பெண்ணை அவள் முதலில் மீன்காரி என்று நினைத்து, கீழே சமையல்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். பவளக்கொடி பேசாமல் மேசைக்குப் போய், துணியை விரித்து, பறவையை எடுத்து வைத்தாள்.

இந்திராணி எழுந்து வந்து, இறக்கையை விரித்துப் பார்த்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்து, கழுத்துச் செம்பின்மேல் கன்னத்தை வைத்தாள்.

"இது செத்து ஒருநாள்கூட ஆகல," என்றாள். "நான் இல்லன்னு எழுதினப்போ இது இருந்திருக்கு. எங்க இருந்துச்சு? சொல்லும்மா, எங்க இருந்துச்சு?"

"மூணுகல்லுல. எங்க வீட்டுல. இன்னும் எல்லா வீட்டுலயும் இருக்கு. காடு விழ விழச் சாகுது. சீக்கிரம் நிப்பாட்டுங்க."

"நீங்க மூணுகல்லா? நான் அந்த ஊருலதான் சாப்பிட்டேன், ஒரு அம்மா வீட்டுல... நல்லா மீன்குழம்பு வைப்பாங்க." இந்திராணி நெற்றியைத் தேய்த்தாள். "அவங்க பேரு நாக்குலயே இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"இல்லீங்க," என்றாள் பவளக்கொடி. "எனக்குத் தெரியாது."

மேசை மேல் உடம்பு இருந்ததால் எல்லாம் வேகமாக நடந்தது. தந்திகள் பறந்தன, பெரியவர்கள் வந்து பார்த்துப் போனார்கள், அற்றுப்போனது என்ற சொல்லை அடித்து, விளிம்பில் இருப்பது என்ற பழைய சொல்லையே எழுதினார்கள். பவளக்கொடி துறைமுகக் கொட்டகையில் படுத்துக் காத்திருந்தாள். அவள் ஊர் திரும்ப ஏறிய கப்பலிலேயே, காடு வெட்டத் தடை உத்தரவோடு ஓர் அதிகாரியும், இந்திராணியும் வந்தார்கள்.

யந்திரங்கள் நின்ற அன்று மூணுகல்லில் காது அடைத்ததுபோல இருந்தது. கோயில் முன்னால் மாசிலாமணி, வெட்டுவதை நிறுத்தச் சொல்லித் தானே போய்க் கேட்டதை மறந்து, மண்ணை வாரித் தூற்றினார். "எந்தப் பாவி கொண்டுபோய்க் காட்டினான்? எவன் குடி விளங்காமப் போக? ஆஸ்பத்திரி வந்திருக்கும், துறைமுகம் வந்திருக்கும், அத்தனையையும் கெடுத்தானே!" கூட்டம் சேர்ந்து சபித்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பவளக்கொடியைப் பார்த்து ஒரு பெண், "நீங்களே சொல்லுங்கம்மா, வெளியூரு ஆளு, ஞாயமா இது?" என்று கேட்டாள்.

கம்பெனிக் கப்பல் கூலி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஏணியில் ஆரோக்கியமேரி போவதைக் கண்டு பவளக்கொடி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "போகாத மேரி. எம் மகளுக்கு மாசம் நிறைஞ்சிருச்சு. நீ இருந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ."

ஆரோக்கியமேரி அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஆனால் கையை உதறவில்லை. "ஒனக்கும் பறவை செத்துருச்சா?" என்றாள் மெதுவாக. "நீ யாரோ எனக்குத் தெரியலம்மா. எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க? புள்ளத்தாச்சியத் தொட ஊர் பேர் தெரியாதவள விடமாட்டாங்க. நீயும் வா. நம்மள இங்க யாரு வச்சிருக்கா?" பின்னால் வந்தவர்கள் தள்ள, அவள் மேலே போய்விட்டாள். மேல் லயத்து ஜனங்கள் பலர் அந்தத் தட்டில் நெருக்கி நின்றிருந்தார்கள். கரையில் நின்று அவர்களை வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கையசைக்கவில்லை.

மறுநாள் முற்பகலில், மிஞ்சியிருந்த பறவைகள் வீடுகளைவிட்டு இறங்கின. வந்ததைப்போலவே பறக்காமல், மெலிந்த உடம்பை ஆட்டி ஆட்டி நடந்து, மேற்கில் மிஞ்சியிருந்த காட்டுக்குள் போயின. இந்திராணி அவற்றின் பின்னாலேயே போனாள். ஊரும் திட்டிக்கொண்டே பின்னால் போனது.

கீழ் லயத்தில் ஆள் இல்லை. தவமணி மட்டும், தன் வீட்டுப் பறவை படியிறங்கிப் போவதைக் கதவுநிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரே, பாதையில், நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் நின்றிருந்தாள்.

"யாரு வேணும்மா?" என்று கேட்டாள் தவமணி. கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் சுருங்கியது. நிலையைப் பிடித்தபடியே மெல்லக் குனிந்தாள். காலடியில் ஈரம் பரவியது.

பவளக்கொடி ஓடிவந்து தாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரரக் கூப்பிடணும். அத்தையும் காட்டுப் பக்கம் போயிட்டாங்க," என்றாள் தவமணி, மூச்சு வாங்க. "ஊருல பிள்ளை எடுக்கிறவங்க யாரோ... யாரோ இருந்தாங்களே?" அவள் தேடினாள். அகப்படவில்லை. "இல்ல. யாருமே இல்ல. கப்பலும் போயிருச்சு." பயம் அப்போதுதான் அவள் கண்ணுக்குள் இறங்கியது. பவளக்கொடியின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். "நீங்க யாருன்னு தெரியல. கைய விட்டுறாதீங்க."

"விடல. உள்ள வா."

கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பாயை உதறிப் போட்டு அவளைப் படுக்கவைத்துவிட்டு, ஒரு கையை அவளிடமே கொடுத்தபடி, எட்டிய மறுகையால் அடுப்பில் விறகைத் தள்ளி, அண்டாவை நகர்த்தி வைத்தாள். வலி ஒன்று வந்து உலுக்கிவிட்டுப் போனது. தவமணி வியர்த்த முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காம்மா?"

"பாத்துப் பழக்கம் இல்ல தாயி," என்றாள் பவளக்கொடி. "ஒரே ஒரு தடவை பெத்திருக்கேன்."